மூன்றாம் அண்டா

அக்கா போய் மூன்று மாதமாகியும் சின்னவளுக்கு அழுகை வரவில்லை. வரும், வரும் என்று முதல் ஒரு வாரம் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். பிறகு அதையும் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள். பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாமல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். காலையும் மாலையும் கடவுள் முன்னால் கைகூப்பி நின்றாள். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தாள். நின்றதையே அவர் வேண்டுதலாக எடுத்துக்கொள்வார் என்று நம்பினாள்.

வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுகிறார்களே தவிர, வயது ஐம்பத்து நான்கு. பெரிய மருத்துவமனை ஒன்றின் துணி அறை அவள் பொறுப்பு. விரிப்பு, போர்வை, தலையணை உறை, அறுவை அறைக்குப் போகும் பச்சைத் துணி எல்லாம் அவள் எண்ணித்தான் வெளியே போகும், அவள் எண்ணித்தான் உள்ளே வரும். இருபத்தாறு வயதில் புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் ஒரே ஒரு பையோடு கிளம்பி வந்தவளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார வைத்துத் தட்டு வைத்தவள் அக்கா. அக்கா கணக்கு டீச்சர்; கல்யாணம் செய்துகொள்ளாதவள். அன்று முதல் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அவர்கள் குடும்பத்தில் 'ஓடிப்போனவள்' என்று ஒருத்தி உண்டு. துரைமார் ஆண்ட காலத்தில் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவள். ஏழு மாதப் பெண் குழந்தையோடு வந்திருக்கிறாள். கப்பலில் வந்தவர்களை நோய் பரவாமல் அடைத்து வைக்க, துறைமுகத்துக்கு வெளியே ஒரு முகாம் இருந்தது. அங்கே குழந்தையைப் போட்டுவிட்டு அவள் எவனோடோ ஓடிவிட்டாள்; கூட வந்த இன்னொருத்தி குழந்தையை எடுத்து வளர்த்தாள்; அந்தக் குழந்தைதான் தாத்தாவுக்கு அம்மா. இப்படித்தான் கதை கைமாறிக் கைமாறி வந்தது. வளர்த்தவளைக் கும்பிடாத ஆள் குடும்பத்தில் இல்லை. பெற்றவளுக்கு மிஞ்சியது ஓர் ஏச்சு மட்டும்தான். எந்தப் பெண் எதிலிருந்து பாதியில் எழுந்து போனாலும், "ஓடிப்போனவ வம்சந்தானே" என்பார்கள். சின்னவள் பையோடு வந்து நின்ற அன்று அந்தச் சொல் அவள் தோளில் ஏறி உட்கார்ந்தது. இருபத்தெட்டு வருஷமாக இறங்கவில்லை.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே அரசு ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷம் தேடினாள். கப்பல் பட்டியலில் ஆளைக் கண்டுபிடித்தாள். முகாமில் அவளுக்குக் கொடுத்த எண் இருநூற்றுப் பதினான்கு என்பது வரை வந்துவிட்டாள். அப்புறம் படுத்துவிட்டாள்.

படுத்தது சின்னவள் வேலை செய்கிற அதே மருத்துவமனையில், ஐந்தாம் வார்டில். கடைசி நாள் பிற்பகல் அக்காவின் விரிப்பு நனைந்திருந்தது. வார்டில் கையிருப்பு இருந்ததெல்லாம் புது விரிப்பு. கஞ்சி மொடமொடப்புப் போகாதது. அக்காவின் தோல் அப்போது காகிதம்போல ஆகியிருந்தது. பலமுறை துவைத்துப் பூவாகிப்போன விரிப்பு ஒன்றைத் துணி அறையில் அடித்தட்டில் சின்னவள் ஒதுக்கி வைத்திருந்தாள். அதை எடுக்கப் போனாள். மின்தூக்கி வேலை செய்யவில்லை. இருபது நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். கையிலிருந்த விரிப்பை நர்ஸ் வாங்கி அக்கா மேல் போர்த்தினாள்.

வார்டுத் தாளில் 'உறவினர் எவரும் அருகில் இல்லை' என்று எழுதியிருந்ததை அண்ணி படித்துவிட்டாள். "கடைசி நேரத்துலகூடக் கூட இருக்க முடியல, இல்ல? ரத்தத்துலயே இருக்கு" என்றாள். அண்ணி கெட்டவள் அல்ல. துக்கம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற ரகம். ஆனால் வீசியது பட்டுவிட்டது. விரிப்பு எடுக்கப் போனேன் என்று சொல்ல சின்னவளுக்கு நா எழவில்லை. போயும் போயும் ஒரு விரிப்புக்கா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்கு மரத்துப்போனதுதான்.

புதன்கிழமை அண்ணன் போன் செய்தார். அண்ணன் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். அக்காவும் சின்னவளும் அவருக்கு வைத்த பெயர் 'அத்தாட்சி'. மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"சின்னவளே, அக்கா போட்டு வச்ச வம்சப் படம் அச்சுக்குப் போகுது. சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு. மேல முதல் கட்டத்துல வளர்த்தவளை மட்டும் போட்டிருக்கேன்."

"பெத்தவளையும் போடணும்னு அக்கா ஒத்தக்கால்ல நின்னாளே."

"நின்னா. நான் இல்லன்னு சொல்லல. ஓடலன்னு ஒரு காகிதம் காட்டு, போட்டுடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சு ஏறிடும். அப்புறம் கடவுளே வந்து சொன்னாலும் மாத்த முடியாது."

"கடவுள் வந்தா அவர்கிட்டயும் ரெண்டு நகல் கேப்ப."

"கேப்பேன்" என்றார் அண்ணன், சிரிக்காமல்.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "படம் கிடக்கட்டும், அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க."

சின்னவள் அக்காவின் நோட்டை எடுத்துப் பார்த்தாள். முகாமின் வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு வரியை அக்கா கட்டம் போட்டு நகலெடுத்திருந்தாள். எண் 214. பெண். வயது 22. குழந்தை ஒன்று. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு நோட்டில் ஓர் எழுத்து இல்லை. அக்கா எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. ஒரு கணக்கு விடை வராவிட்டால் சோறு இறங்காது அவளுக்கு. சின்னவள் மறுநாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

ஆவணக் காப்பகத்தின் படிக்கும் அறையில் பன்னிரண்டு மேசைகள். பையை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நாளைக்கு மூன்று புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. அறையின் காப்பாளர் ஒல்லியான மனிதர். யார் இருமினாலும் விரலை உதட்டில் வைப்பார். அக்கா வீட்டுக்கு வந்து அவரை 'உஷ்' என்றுதான் சொல்வாள். "இன்னைக்கு உஷ் தானே தும்மிட்டுத் தன்னையே முறைச்சுக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சின்னவளின் சீட்டைப் பார்த்தவர் தலையை நிமிர்த்தினார். "டீச்சரோட தங்கச்சியா?"

"ஆமாங்க."

"எப்படி இருக்காங்க? நாலு மாசமா ஆளைக் காணோம்."

சின்னவள் சொன்னாள். சாவுச் செய்தியைச் சொல்வது அவளுக்கு இப்போது விலாசம் சொல்வதுபோல ஆகியிருந்தது. அவர் ஏழாம் மேசையின் விளக்கைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, "அவங்க இடம் இதுதான்" என்றார்.

முதல் புத்தகம் வருகைப் பதிவேடு. நல்ல தடிமன். பதினான்காம் தேதி, வெளியேறும் நாள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு சரிக்குறி. 214க்கு எதிரே பெருக்கல் குறி. குறிப்புக் கட்டத்தில் துரைமார் மொழியில் நெருக்கமான எழுத்து. சின்னவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். ஆனாலும் காப்பாளரையே கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தணிந்த குரலில் படித்தார்.

"வரிசையில் இல்லை. குழந்தை 216ஆம் எண்ணோடு அனுப்பப்பட்டது. இவளைத் தேடவில்லை."

"எங்க அக்கா இதைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. அன்னைக்கு அவங்க முகமே சரியில்ல. நோட்டுல அந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதாம மூடிட்டாங்க. 'இதை வீட்டுல சொல்ல மாட்டேன், சின்னவ தாங்க மாட்டா'ன்னாங்க. அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் இதே பக்கத்தைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. நேத்து இருந்த எழுத்து இன்னைக்கு மாறவா போகுது? நானும் எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்."

எட்டு வருஷம் தேடி, கிடைத்ததை ஒளித்து வைத்திருக்கிறாள் அக்கா. கணக்கில் யாருக்கும் அரை மதிப்பெண் கூடப் போட்டுக் கொடுக்காதவள், தங்கைக்காக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். இதைப் பார்த்தாலாவது அழுகை வரும் என்று சின்னவள் ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. பென்சிலைச் சீவி வைத்தாள்.

இரண்டாம் புத்தகம் முகாம் மருத்துவரின் நாட்குறிப்பு. அதில் மழையும் மாட்டிறைச்சி விநியோகமும் இருந்தன; 214 இல்லை. மூன்றாம் புத்தகம் ஒப்பந்தப் பட்டியல். அதிலும் இல்லை. மணி இரண்டு.

"காய்ச்சல் வந்தவங்களை எங்க வச்சிருப்பாங்க?" என்று கேட்டாள்.

"தனிக் கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம். அதோட பதிவேடு மிஞ்சல. நோய் ஓஞ்சதும் கொட்டகையோட சேர்த்துக் கொளுத்திட்டாங்க."

சின்னவள் புத்தகப் பட்டியலை மறுபடி புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், வாளி, துடைப்பம், விறகு, சோப்பு என்று தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே 'சலவைக் கொட்டகைப் பதிவேடு, ஒரு தொகுதி' என்று இருந்தது. படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரை போக மாட்டார்கள். அக்காவும் போகவில்லை. ஆனால் சின்னவளுக்குத் தன் மருத்துவமனையில் நடப்பது நினைவுக்கு வந்தது. நோயாளியை அவசரமாக வார்டு மாற்றிவிடுவார்கள். கட்டில் பட்டியலில் ஏற்ற மறந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் வந்து காலிக் கட்டிலைப் பார்த்து அலறுவார்கள். அப்போதெல்லாம் நர்ஸ்கள் துணி அறைக்குத்தான் போன் செய்வார்கள், 'அந்த ஆளோட விரிப்பு எந்த வார்டுல இருந்து வந்திருக்கு பாருங்க' என்று. மனிதன் எங்கே படுத்தாலும் துணி அழுக்காகும். அழுக்கான துணி எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி எழுதித்தான் ஆக வேண்டும்.

"இந்தப் புத்தகம் வேணுங்க."

"மூணு ஆயிடுச்சேம்மா" என்றார் காப்பாளர். சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது, ஒட்டியவரே அவர்தான். சிறிது நேரம் மேசை இழுப்பறையைத் துழாவினார். மடிந்துபோன சீட்டு ஒன்றை எடுத்து விரலால் நீவினார். "டீச்சர் கடைசியா வந்த அன்னைக்கு ரெண்டு புத்தகந்தான் எடுத்தாங்க. மூணாவது சீட்டைக் கையெழுத்துப் போட்டு வச்சிட்டு, மூச்சு வாங்குதுன்னு கிளம்பிட்டாங்க. எந்தப் புத்தகம்னு எழுதல. அவங்க கணக்குல ஒண்ணு பாக்கி இருக்கு."

காலியான இடத்தில் பதிவேட்டின் எண்ணைத் தன் கையெழுத்தில் எழுதி, உள்ளே போனார்.

புத்தகம் தூசி தட்டியே பாதி இளைத்து வந்தது. முதல் பக்கத்தில் விதிகள். காப்பாளர் பக்கத்தில் நின்று விரல் வைத்துச் சொன்னார். துணி வேகவைக்க மூன்று அண்டாக்கள். முதல் அண்டா, இரண்டாம் அண்டா: முகாம் கொட்டகைகளுக்கு. மூன்றாம் அண்டா: காய்ச்சல் கொட்டகைக்கு மட்டும். காய்ச்சல் கொட்டகையில் இறந்தவர் துணி எதுவானாலும் எரிக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு அவர் உதவி தேவைப்படவில்லை. எண்ணும் துணியும் அண்டாவும்தான்; இருபத்தைந்து வருஷமாக சின்னவள் எழுதிக்கொண்டிருப்பதும் அதுதான்.

ஒன்பதாம் தேதி வரை: 214, பெண் துணி இரண்டு, குழந்தைத் துணி மூன்று. முதல் அண்டா.

பத்தாம் தேதி: 214, பெண் துணி இரண்டு, குழந்தைத் துணி ஒன்று. மூன்றாம் அண்டா.

சின்னவள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். 216, அதாவது வளர்த்தவள். அதுவரை குழந்தைத் துணியே இல்லாதவள். பத்தாம் தேதி: பெண் துணி இரண்டு, குழந்தைத் துணி இரண்டு. முதல் அண்டா.

இரண்டும் ஒன்றும் மூன்று. குழந்தையோடு இரண்டு துணி போயிருக்கிறது. ஒன்றைத் தாய் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பதினான்காம் தேதி வாசலில் எண்களைக் கூப்பிட்டார்கள். 214 வரிசையில் இல்லை. குமாஸ்தா பெருக்கல் குறி போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை இருப்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் நடக்கச் சோம்பலா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதே பதினான்காம் தேதி சலவைப் பதிவேட்டில்: 214, பெண் துணி இரண்டு, குழந்தைத் துணி ஒன்று, மூன்றாம் அண்டா. திரும்பக் கொடுக்கப்பட்டது. பதினைந்து, அதே. பதினாறு, அதே. குழந்தை வெளியே போய்விட்டது. குழந்தைத் துணி மட்டும் தினமும் அழுக்காகி வந்தது, தினமும் வெந்து காய்ந்து திரும்பிப் போனது. காய்ச்சல்காரி அதைக் கையில்தான் வைத்திருந்திருப்பாள், அல்லது கன்னத்தில்.

குழந்தை இல்லாத பெண்ணுக்கு எதற்குக் குழந்தைத் துணி என்று சலவைக் கொட்டகையில் யாராவது கேட்டிருக்கலாம். நெருப்பில் போட்டிருந்தால் ஒரு வேலை மிச்சம். கேட்கவில்லை, போடவில்லை.

இருபத்தோராம் தேதி: 214, பெண் துணி இரண்டு, எரிக்கப்பட்டது. அதற்குக் கீழே, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து ஏறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"குழந்தைத் துணி ஒன்று. இரண்டு முறை கொதிக்க வைத்து, வெளியே குழந்தைக்கு அனுப்பப்பட்டது."

விதிப்படி அதையும் எரித்திருக்க வேண்டும். எழுதியவர் யாரோ, ஆணோ பெண்ணோ, விதியை மீறியதை ஒளிக்காமல் அந்தப் புத்தகத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் துணி குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லை. உலகத்தில் பெரிய காரியங்களுக்குக் கடவுள் பெரிய ஆட்களை வைத்திருப்பார். ஆனால் அண்டாவுக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நிற்கிறவர்களையும் அவர் சும்மா நிறுத்தி வைக்கவில்லை.

"ஓடல" என்றாள் சின்னவள்.

காப்பாளரின் விரல் பழக்கத்தில் உதடு வரை போனது. அப்புறம் கீழே இறங்கிவிட்டது. "நகல் எத்தனை வேணும்?"

"ரெண்டு. முத்திரையோட. எங்க அண்ணன் அப்படித்தான்."

மாலை அண்ணன் வீட்டில் காகிதங்களை மேசைமேல் வைத்தாள். அண்ணன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், இரண்டு நகலும் ஒன்றுதானா என்று பார்த்தார்.

"இது சலவைக் கணக்கு இல்ல?"

"ஆமா."

"வருகைப் பதிவேடு இல்லைங்குது. சலவைக் கணக்கு இருக்காங்குது. எதை நம்பறது?"

"வரிசையில இல்லன்னு எழுத, ஆளைப் பார்க்கவே வேண்டாம். துணியைத் துவைக்கணும்னா துணி வந்தாகணும். அதை ஒருத்தி அழுக்காக்கி இருக்கணும். ஏழு நாள் பொய்யாத் துவைப்பாங்களா?"

அண்ணன் கண்ணாடியைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் எத்தனையோ பேர் கொண்டுவந்த காகிதங்களைத் திருப்பி அனுப்பியவர், இதை நான்காக மடிக்காமல், ஓரம் கசங்காமல் ஒரு உறைக்குள் வைத்தார். அச்சகத்துக்குப் போன் போட்டார். "மேல ஒரு கட்டம் சேர்க்கணும். ஆமா, வளர்த்தவளுக்குப் பக்கத்துலயே. கோடு ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரணும்" என்றார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. "அப்ப அவ கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்திருக்கா" என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அன்னைக்கு நீ எங்க போயிருந்த? நான் கேக்கவே இல்ல, கத்திட்டேன்."

"விரிப்பு எடுக்கப் போனேன் அண்ணி. அங்க இருந்தது உறுத்துற விரிப்பு."

அண்ணி கரண்டியைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வாய் அல்ல அது. "கையைக் கழுவிட்டு வா" என்றாள். தட்டில் இரண்டு ஆள் சாப்பிடுகிற அளவு வைத்தாள். சின்னவள் முழுவதும் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் கூடுதல் என்று நாக்குக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக அவளுக்கு உப்பு தெரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை துணி அறையைத் திறந்தாள். சலவையிலிருந்து மூட்டைகள் வந்து வாசலில் கிடந்தன. அவற்றைப் பிரிக்கும் முன் தன் பதிவேட்டை எடுத்து மூன்று மாதம் பின்னால் புரட்டினாள். அவள் கையெழுத்தில், அந்தப் பிற்பகல்: விரிப்பு ஒன்று, ஐந்தாம் வார்டு, மூன்று மணி பத்து நிமிஷம். அவசரத்திலும் எழுதிவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள். 'திரும்பியது' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் சரக்குச் சரிபார்க்க வருகிறவர் ஒரு விரிப்பு குறைகிறதே என்று கேட்பார். அவள் தெரியவில்லை என்பாள்.

பேனாவைத் திறந்தாள். காலிக் கட்டத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல், 'அக்காவோடு போனது' என்று எழுதினாள். மை காய அதன்மேல் லேசாக ஊதினாள். ஊதியதில் எழுத்து ஓரிடத்தில் கொஞ்சம் பரவியது.

பிறகு முதல் மூட்டையை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தாள். ஏழாவது விரிப்பில் கணக்குத் தப்பியது. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.